ஓய்வுத் தாளில் இப்போது கையெழுத்திட வேண்டாம்

கடிதத்தின் சாரம்

எழுதியிருப்பவர் 34 வயதுக் கால்பந்து வீரர். 15 ஆண்டுகளாகத் தொழில்முறை ஆட்டத்தில் இருப்பவர். நடுப் பின்களத்தில் ஆடும் தடுப்பாட்டக்காரர். தம் சொந்த நாட்டுக்கு வெளியே ஒரு கிளப்பில் ஐந்தாவது பருவமாக ஆடுகிறார், கடந்த மூன்று பருவங்களாக அதன் அணித்தலைவரும் அவரே. வலது முழங்காலில் இரண்டு முறை அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. ஒப்பந்தம் முடிய இன்னும் 14 மாதங்கள் உள்ளன.

சென்ற மாதம் கிளப்பின் தலைவர் அவரைத் தனியே அழைத்து, இந்தப் பருவத்தோடு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டால் 19 வயதுக்குட்பட்டோர் அணியின் பயிற்சியாளர் பொறுப்பைத் தருவதாகவும், முதன்மை அணியின் பயிற்சியாளர் அடுத்த ஆண்டு விலகியதும் அந்த இடத்தையும் அவருக்கே தருவதாகவும் சொல்லியிருக்கிறார். மறுவாரம் ஒரே பக்கத்தில் ஒரு தாள் வந்திருக்கிறது. இருதரப்பும் மனமொத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாகவும், ஒருவர் மற்றவருக்குத் தரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை என்றும் அதில் உள்ளது. பயிற்சியாளர் வேலைக்கான ஒப்பந்தம் 'உரிமம் கிடைத்த பிறகு' போடப்படும் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் இதற்கிடையில் நிலுவையில் நிற்கிறது. அணித்தலைவராக இருந்துகொண்டு பணம் கேட்பது அழகல்ல என்று அவர் கேட்கவில்லை.

கையெழுத்திடலாமா, இத்தனை ஆண்டுகள் ஆடியவருக்கும் உரிமம் கட்டாயமா, தடுப்பாட்டக்காரர்கள் துணைப் பயிற்சியாளர்களாகவே நின்றுவிடுகிறார்கள் என்று நண்பர்கள் சொல்வது உண்மையா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில், சில மாதங்களாக அணிக் கூட்டங்களில் பேசும்போது உடன் ஆடுபவர்களின் பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆட்டத்தை எப்போது நிறுத்துவது என்பதும், பயிற்சியாளராக எப்போது, எந்த நிபந்தனைகளோடு தொடங்குவது என்பதும் தனித்தனியாக எடுக்கவேண்டிய முடிவுகள். கிளப் அனுப்பிய தாள் இவற்றை ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறது. ஆனால் முதல் முடிவை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, இரண்டாவதைக் காற்றில் விட்டிருக்கிறது. நீங்களும் அந்த முடிச்சை அப்படியே ஏற்றுக்கொண்டு, 'கையெழுத்திட்டால் பயிற்சியாளர், மறுத்தால் ஒன்றுமில்லை' என்று யோசிக்கிறீர்கள். இதை முதலில் பிரித்துவிடுவோம்.

அந்தத் தாள் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வது

முழங்கால் இந்த நிலையில் இருப்பதால் கிளப் நினைத்தால் எப்படியும் உங்களை நீக்கிவிடலாம், ஆகவே கௌரவமாக விலகுவதே நல்லது என்று எழுதியிருக்கிறீர்கள். இது தவறான எண்ணம். வீரர்களின் நிலை மற்றும் இடமாற்றம் குறித்த ஃபிஃபா (உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு) விதிமுறைகளின் 13-ஆம் பிரிவின்படி, தொழில்முறை வீரரின் ஒப்பந்தம் காலக்கெடு முடிவதாலோ இருதரப்பும் ஒப்புக்கொள்வதாலோதான் முடிவுக்கு வரவேண்டும். அதற்கு மாறாக ஒரு தரப்பு மட்டும் முறித்துக்கொள்ள நியாயமான காரணம் தேவை; ஆட்டத்தில் ஏற்பட்ட காயத்தையே அப்படியொரு காரணமாக விளையாட்டு நடுவர் மன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. நியாயமான காரணமின்றி முறித்தால் இழப்பீடு தரவேண்டும். எஞ்சிய ஒப்பந்தக் காலத்தின் ஊதியம் அந்தக் கணக்கின் அடிப்படையாகிறது, அந்தக் காலத்தில் நீங்கள் வேறு வேலையில் ஈட்டுவது அதிலிருந்து கழிக்கப்படும். அதாவது, உங்களை நீக்குவது கிளப்புக்குச் செலவு பிடிக்கும் காரியம். உங்கள் கையெழுத்து கிடைத்துவிட்டால் அந்தச் செலவு இல்லாமல் போகிறது. தலைவர் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் பேசினார் என்று நான் சொல்லவில்லை. தாளைத் தயாரித்தவர் போட்டிருப்பார்.

'பாக்கி எதுவும் இல்லை' என்ற அந்த ஒற்றை வாக்கியம் எஞ்சிய 14 மாதச் சம்பளத்தோடு நிற்பதில்லை. ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்த இரண்டு மாதச் சம்பளத்தையும், சேர்ந்திருக்கக்கூடிய வெற்றி ஊக்கத்தொகையையும், முழங்காலுக்கு இனி தேவைப்படக்கூடிய சிகிச்சைச் செலவைக் கிளப்பிடம் கோரும் வாய்ப்பையும் அது துடைத்துவிடுகிறது. பிறகு வழக்காடலாமே என்று கேட்பீர்கள். ஆடலாம், ஆனால் படித்துப் பார்த்துச் சுயவிருப்பத்தோடு போட்ட கையெழுத்தை 'எனக்குப் புரியவில்லை' என்று பின்னர் மறுப்பது எவ்வளவு கடினம் என்பதை என் தொழிலில் மிக அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

நிலுவைச் சம்பளத்தைப் பற்றி. இரண்டு மாதச் சம்பளம் உரிய நாளில் தரப்படாதபோது, குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவிப்பு அனுப்பி, அதற்குள்ளும் கிளப் செலுத்தாவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை வீரருக்கு உண்டு. அந்த உரிமையை இப்போது பயன்படுத்துங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அது கனமான ஆயுதம். எடுத்தால் கிளப்போடு உள்ள உறவு அத்தோடு முடியும், பயிற்சியாளர் பேச்சும் முடியும். ஆனால் நிலுவையை மரியாதையாகக் குறிப்பிட்டு, தேதியிட்டு, தொகையை எழுதி ஒரு கடிதம் கொடுப்பதில் எந்த உறவும் முறியாது. அணித்தலைவர் பணம் கேட்கக்கூடாது என்ற உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது. உங்களுக்கு வராத சம்பளம் உங்கள் அணியில் வேறு சிலருக்கும் வந்திருக்காது என்பதையும், அணித்தலைவரே வாய் திறக்காதபோது 20 வயதுப் பையன் எப்படிக் கேட்பான் என்பதையும் சற்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் வெளிநாட்டு வீரர் என்பதால், உங்கள் ஒப்பந்தத்தில் வேறு நடுவர் மன்றம் குறிக்கப்படாதிருந்தால், இத்தகைய கோரிக்கையை ஃபிஃபாவின் கால்பந்துத் தீர்ப்பாயத்துக்கு நேரடியாகக் கொண்டுபோகலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போகவேண்டும். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டு, காலக்கெடுவைத் தாண்டிய பிறகு வந்து நிற்பவர்களுக்கு என்னால் எதுவும் செய்ய முடிந்ததில்லை.

வாய்மொழி வாக்குறுதியில் உள்ள ஓட்டை

தலைவர் நல்ல மனிதர் என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உங்களிடம் சொன்னதில் பாதியை அவரால் நிறைவேற்ற முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

உங்களிடம் இருப்பது சி நிலை உரிமம். பெரும்பாலான கண்டக் கூட்டமைப்புகளில் பயிற்சியாளர் உரிமம் சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாக ஏறுகிறது. ஒவ்வொரு படிக்கும் வகுப்பும் களப்பயிற்சியும் மதிப்பீடும் உண்டு. ஒரு படி முடித்த மறுநாளே அடுத்ததில் சேர முடியாதபடி, இடையில் உண்மையான அணியோடு வேலை செய்த அனுபவத்தைக் கேட்கிறார்கள். உயர்மட்டத்தில் நீண்டகாலம் ஆடியவர்களுக்குச் சில சங்கங்கள் நுழைவில் சலுகை தருவதுண்டு. அது வரிசையில் சற்று முன்னால் நிற்க வைக்கும், வரிசையே இல்லாமல் செய்யாது. முதன்மைப் பிரிவு அணியின் தலைமைப் பயிற்சியாளருக்கு வழக்கமாகப் புரோ உரிமமோ, குறைந்தபட்சம் அதற்கான படிப்பில் சேர்ந்திருப்பதோ கேட்கப்படுகிறது. சி நிலையில் இருக்கும் ஒருவர் அடுத்த ஆண்டுக்குள் அந்தப் படியை எட்டுவது நடைமுறையில் ஆகாத காரியம். ஆகவே 'அடுத்த ஆண்டு அந்த இடமும் உங்களுக்குத்தான்' என்று சொன்னவர் ஒன்று விதிமுறையைப் பார்க்காமல் பேசியிருக்கிறார், அல்லது உங்கள் உரிமத்தின் நிலையைக் கேட்காமல் பேசியிருக்கிறார். இரண்டில் எதுவாக இருந்தாலும் அந்த வாக்கை நம்பி 14 மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுக்க இயலாது.

இத்தனை ஆண்டுகள் ஆடியவருக்கு உரிமம் எதற்கு என்ற உங்கள் ஆதங்கம் புதியதல்ல. ஃபிரான்ஸ் பெக்கன்பவருக்கே இது வந்தது. 1974-இல் உலகக் கோப்பையை அணித்தலைவராக ஏந்தியவர் 1984-இல் மேற்கு ஜெர்மனி அணியின் பொறுப்பை ஏற்றபோது அவரிடம் பயிற்சியாளர் உரிமம் இல்லை. அதனால் 'பயிற்சியாளர்' என்ற பட்டத்தைத் தராமல் 'டீம்ஷெஃப்', அதாவது அணியின் பொறுப்பாளர் என்று வேறொரு பெயரிட்டு அமர்த்தினார்கள். உரிமம் பெற்றவர் ஒருவர் அவரருகே இருந்தார். 1990-இல் அதே அணிக்குக் கோப்பையையும் வென்று கொடுத்தார். ஒரு தேசமே பெக்கன்பவருக்காகப் பெயரை மாற்றி வழி கண்டது; உங்களுக்காகவோ எனக்காகவோ யாரும் அப்படிச் செய்யப்போவதில்லை, விதிகளும் அப்போதைவிட இப்போது இறுகியிருக்கின்றன.

இதே விஷயத்தில் உங்களுக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. 2021 ஜனவரி 1 முதல் ஃபிஃபா விதிமுறைகளில் பயிற்சியாளர்களின் ஒப்பந்தங்களுக்கென்றே தனிப் பிற்சேர்க்கை இருக்கிறது. தொழில்முறைக் கிளப்பில் வீரர்களைப் பயிற்றுவிப்பவர் எவரும் அதன் பார்வையில் பயிற்சியாளரே. இளையோர் அணி என்பதால் நீங்கள் வெளியே நிற்க மாட்டீர்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். வேலை, ஊதியம், காலம், இருதரப்பின் கடமைகள் அதில் இருக்கவேண்டும். குறிப்பிட்ட பயிற்சியாளர் உரிமம் கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை வைக்கவும் அது இடம் தருவதில்லை. உரிமத் தகுதி இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பார்த்துக்கொள்வது கிளப்பின் பொறுப்பு. 'உரிமம் கிடைத்த பிறகு ஒப்பந்தம்' என்ற பேச்சு இந்த விதியின் நோக்கத்துக்கு நேர் எதிரானது. நீங்களும் உங்கள் உரிமத்தைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுத்தில் சொல்லிவிடுங்கள். பிறகு யாரும் ஏமாற்றப்பட்டதாகச் சொல்ல வழி இருக்காது.

உங்கள் முன் உள்ள வழிகள்

தாளில் உள்ளபடி கையெழுத்திடுவது ஒரு வழி. அதை இனி பேசவேண்டியதில்லை.

ஒப்பந்தத்தை முழுவதும் ஆடி முடிப்பது இன்னொன்று. சட்டப்படி இதுவே பாதுகாப்பானது. ஆனால் அந்த முழங்காலோடு இன்னும் ஒரு முழுப் பருவம் ஆடுவதன் விலை என்ன என்பதை உங்கள் எலும்பு மருத்துவர் சொல்லவேண்டும், நான் சொல்ல முடியாது. 60 வயதில் படியேற முடிவது 14 மாதச் சம்பளத்தைவிடப் பெரிது என்று அவர் சொன்னால் அதை மறுத்துப் பேச என்னிடம் சட்டப் பிரிவு எதுவும் இல்லை.

மூன்றாவது வழியை நான் விரும்புகிறேன். வீரர் ஒப்பந்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதனோடு ஒரு துணை ஒப்பந்தம் சேர்க்கச் சொல்லுங்கள்: எஞ்சிய காலத்தில் நீங்கள் குறைந்த ஆட்டங்கள் ஆடுவீர்கள், வாரத்தில் இத்தனை நாள் 19 வயதுக்குட்பட்டோர் அணியில் துணைப் பயிற்சியாளராக இருப்பீர்கள், பி நிலைப் படிப்புக்கான கட்டணத்தையும் விடுப்பையும் கிளப் தரும். கிளப்புக்கு இதில் கூடுதல் செலவு அதிகமில்லை. உங்களுக்கோ உரிமப் படிப்பு கேட்கும் கள அனுபவம் சம்பளத்தோடு கிடைக்கிறது. அதைவிட முக்கியம், இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று திரும்பிவர வழியுள்ளபோதே பார்த்துக்கொள்ளலாம்.

கிளப் அதற்கு இசையாமல் பிரிவுதான் வேண்டும் என்று நின்றால், நான்காவது வழி: பிரிவு ஒப்பந்தமும் பயிற்சியாளர் ஒப்பந்தமும் ஒரே நாளில், ஒரே மேசையில் கையெழுத்தாகவேண்டும், ஒன்று இல்லாமல் மற்றது செல்லாது என்று இரண்டிலும் எழுதியிருக்கவேண்டும். நிலுவைச் சம்பளம் தேதியோடு குறிக்கப்படவேண்டும். எஞ்சிய 14 மாதத்தில் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பது பேரம். பயிற்சியாளர் சம்பளம் வீரர் சம்பளத்தைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதால் அந்த இடைவெளியில் ஒரு பகுதியையாவது கேட்பது நியாயம். பயிற்சியாளர் ஒப்பந்தம் குறைந்தது இரண்டு பருவங்களுக்கு இருக்கட்டும். ஏனென்றால் இளையோர் அணிப் பயிற்சியாளரை மாற்றினால் செய்தித்தாளில்கூட வராது, அந்த வேலையில் உங்களைக் காப்பது எழுத்து மட்டுமே. முழங்கால் சிகிச்சையை யார் பார்ப்பது என்பதும் தனி வரியாக இருக்கவேண்டும்.

'க்ளொப் ஒரே வாரத்தில் மாறவில்லையா?'

புகழ்பெற்ற ஜெர்மன் பயிற்சியாளர் யூர்கன் க்ளொப்பை எடுத்துக்காட்டி, ஆட்டக்காரராக இருந்தவர் அடுத்த நாளே பயிற்சியாளரானார் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், 2001 பிப்ரவரியில் ஜெர்மனியின் மைன்ஸ் அணி இரண்டாம் பிரிவிலிருந்து இறங்கிவிடும் நிலையில் இருந்தபோது அப்படித்தான் நடந்தது. முன்கள வீரராகத் தொடங்கிப் பின்களத்துக்கு மாறியவர் அவர். ஆனால் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே ஃபிராங்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் படித்து 1995-இல் பட்டயமும் வாங்கியிருந்தார் என்பதை அந்தக் கதையைச் சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு நாள் மாற்றத்துக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான படிப்பு இருந்தது. அதன்பிறகும் மைன்ஸ் முதல் பிரிவுக்கு ஏறியது 2004-இல்தான், அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் மயிரிழையில் தவறவிட்டு. மறுபக்கத்தையும் பாருங்கள். கேரி நெவில் பல்லாண்டுகள் உயர்மட்டத்தில் ஆடிய வலப் பின்கள வீரர், ஆட்டத்தை விளக்கிச் சொல்வதில் பெயர் பெற்றவர். தலைமைப் பயிற்சியாளராக முன்அனுபவம் இல்லாமல் 2015 டிசம்பரில் ஸ்பெயினின் வாலென்சியா கிளப்புக்குப் போய் 2016 மார்ச்சில் நீக்கப்பட்டார். ஆட்டத்தைப் புரிந்திருப்பது வேறு, புரிய வைப்பது வேறு.

தடுப்பாட்டக்காரர்கள் துணையாகவே நின்றுவிடுகிறார்களா?

உங்கள் நண்பர்களுக்குப் பதில் சொல்வது எளிது. 2002-இல் பிரேசிலுக்கு உலகக் கோப்பை வென்று தந்த லூயிஸ் ஃபெலிபே ஸ்கோலாரி தடுப்பாட்டக்காரர். 2006-இல் இத்தாலிக்கு வென்று தந்த மார்செல்லோ லிப்பியும் அப்படியே. இருவருமே தங்கள் நாட்டின் முதன்மை அணிக்காக ஓர் ஆட்டமும் ஆடியதில்லை. 2019-இல் இங்கிலாந்துக் கிளப்பான டோட்டன்ஹாமை ஐரோப்பியக் கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம்வரை கொண்டுசென்ற மவுரிசியோ பொச்செட்டினோ, உங்களைப் போலவே நடுப் பின்களத்தில் ஆடியவர். ஆட்டத்தை விட்ட ஆண்டு 2006, பயிற்சியாளராக ஸ்பெயினின் எஸ்பான்யோல் கிளப்பில் பொறுப்பேற்றது 2009 ஜனவரி. இடையில் இருந்த அந்த ஆண்டுகளை நீங்கள் கவனிக்கவேண்டும்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் ஆள் ஆல்ஃப் ராம்சே. டோட்டன்ஹாமின் வலப் பின்கள வீரர். இங்கிலாந்துக்காக 32 ஆட்டங்கள். கடைசி ஆட்டம் 1953 நவம்பரில் லண்டன் வெம்ப்ளி அரங்கில் ஹங்கேரிக்கு எதிராக. 6-3 என்று தோற்றார்கள். பெனால்டியில் ஒரு கோல் போட்டது ராம்சேதான். ஆனால் அன்று இங்கிலாந்துப் பின்களம் நிலைகுலைந்தது. ஹங்கேரியின் மைய முன்கள வீரர் ஹிடெகுட்டி வழக்கமான இடத்தில் நிற்காமல் பின்னுக்கு இறங்கி ஆடினார். அவரைத் தொடர்ந்து போனால் பின்னால் வெற்றிடம், போகாவிட்டால் அவர் கையில் ஆட்டம். அந்தத் தவிப்பை உள்ளே நின்று அனுபவித்தவர்களில் ராம்சே ஒருவர்.

பின்னர் அவர் மூன்றாம் பிரிவில் இருந்த இப்ஸ்விச் டவுனுக்குப் பயிற்சியாளரானார். 1961-62 பருவத்தில், முதல் பிரிவுக்கு ஏறிய முதல் ஆண்டிலேயே, அந்த அணி பட்டத்தை வென்றது. அங்கே அவர் செய்ததில் ஒன்று, ஜிம்மி லெட்பெட்டர் என்ற இடப்புற விளிம்பு வீரரைக் கோட்டோரம் முன்னால் நிறுத்தாமல் பின்னுக்கு இழுத்து ஆடவைத்தது. அவரைப் பிடிக்கவேண்டிய வலப் பின்கள வீரர் பின்தொடர்வதா நிற்பதா என்று தடுமாறினார். ராம்சே ஆடிய இடமும் வலப் பின்களமே. தனக்கு எது வலித்ததோ அதை எதிரணிக்குச் செய்தார். இங்கிலாந்தின் பயிற்சியாளராக 1966 உலகக் கோப்பையையும் விளிம்பு வீரர்களே இல்லாத அமைப்பில் வென்றார். தடுப்பாட்டக்காரருக்குத் தடுக்க மட்டுமே கற்றுக்கொடுக்கத் தெரியும் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்: தாக்குதல் எங்கே வலிக்கும் என்பதை வாங்கியவர்கள்தான் நன்றாக அறிவார்கள். உங்கள் 15 ஆண்டுகளில் உங்களைத் தூங்கவிடாத முன்கள வீரர்கள் யார், அவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்குங்கள். உங்களிடம் உள்ள மூலதனம் அதுதான்.

அந்த 1966 அணியிலேயே இன்னொரு பாடமும் உண்டு. நடுப் பின்களத்தில் பக்கம் பக்கமாக நின்றவர்கள் பாபி மூரும் ஜாக் சார்ல்டனும். ஆட்டக்காரராக மூர் எவ்வளவு உயர்ந்தவர் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பயிற்சியாளராகச் சிறிய அணிகளைத் தாண்டி அவர் போகவில்லை. சார்ல்டனோ ஆடிக்கொண்டிருந்தபோதே பயிற்சியாளர் வகுப்புகளுக்குப் போனவர். 1973-இல் மிடில்ஸ்பரோ கிளப்பின் பொறுப்பேற்று முதல் பருவத்திலேயே முதல் பிரிவுக்கு ஏற்றினார், 1990-இல் அயர்லாந்தை உலகக் கோப்பைக் காலிறுதிவரை கொண்டுபோனார். மூருக்கு வாய்ப்புகள் சரியாக அமையவில்லை என்பதும் உண்மை. எனவே இதிலிருந்து விதி எதையும் வகுக்க நான் துணியமாட்டேன். ஆட்டத்தில் உள்ள உயரம் பயிற்சியில் தானாகக் கூடவே வந்துவிடாது என்பதற்கு மட்டும் இது போதும்.

'15 ஆண்டுகளாகக் களத்தில் கத்தி அணியை ஒழுங்குபடுத்தியவன் நான், பயிற்சி எனக்குப் புது வேலையல்ல' என்று எழுதியிருப்பதில்தான் எனக்குக் கவலை. களத்தில் உங்கள் குரல் பத்தடி தூரத்துக்கும் ஒரு நொடிக்கும் உரியது. பக்கத்தில் உள்ளவர் தவறினால் நீங்கள் ஓடிப்போய் மறைத்துவிடுவீர்கள். நல்ல தடுப்பாட்டக்காரரின் வேலையே பிறர் தவறை வெளியே தெரியாமல் விழுங்குவதுதான். பயிற்சியாளருக்கு அந்தக் கால்கள் கிடையாது. 17 வயதுப் பையன் பந்தைத் தன் கோல் முன்னே இழக்கப்போகிறான் என்று உங்களுக்கு மூன்று நொடிக்கு முன்பே தெரியும். கத்தித் தடுத்தால் அந்த ஆட்டம் பிழைக்கும், அவன் கற்கமாட்டான். என்னிடம் ஒப்பந்த விவகாரமாக வந்த ஒரு முன்னாள் பின்கள வீரர், 'கோட்டுக்கு வெளியே நிற்பதுதான் முழங்காலைவிட வலித்தது' என்று சொன்னார். மூன்றாவது வழியை நான் வலியுறுத்தும் காரணங்களில் இதுவும் ஒன்று.

அந்தக் கடைசி வரி

பெயர்கள் நினைவுக்கு வராததைப் பற்றி நீங்கள் ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். நான் கொஞ்சம் கூடுதலாக எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. 34 வயதில் பெயர் மறப்பதற்குத் தூக்கமின்மை, வலி மாத்திரை, இப்போது நீங்கள் சுமக்கும் கவலை என்று சாதாரணக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனாலும் நடுப் பின்கள வீரர் என்பவர் வாழ்நாளில் பந்தைத் தலையால் முட்டிய கணக்கு பெரிது. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரின் பதிவுகளைப் பொதுமக்களில் 23,028 பேரோடு ஒப்பிட்டார்கள். 2019-இல் வெளிவந்த முடிவின்படி, நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது வீரர்களிடையே ஏறக்குறைய மூன்றரை மடங்கு இருந்தது. 2021-இல் ஆடும் இடத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தபோது, கோல்காப்பாளர்களிடம் குறிப்பிடத்தக்க கூடுதல் தெரியவில்லை. தடுப்பாட்டக்காரர்களிடம் அந்த நோய்கள் சுமார் ஐந்து மடங்கு இருந்தன. அதே ஆய்வில் இதய நோயால் இறப்பது வீரர்களிடம் குறைவாக இருந்தது என்பதையும் சேர்த்தே படியுங்கள். அவர்கள் அனைவரும் 1977-க்கு முன் பிறந்தவர்கள். கூட்டத்தைப் பற்றிய எண்கள் உங்களைப் பற்றிய தீர்ப்பாகாது.

நான் கேட்பது இவ்வளவுதான்: நரம்பியல் மருத்துவரிடம் போய் நினைவாற்றல் சோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள், எந்தத் தாளிலும் கையெழுத்திடுவதற்கு முன். உடல்நலம் முதற்காரணம். இரண்டாவது சட்டக் காரணம்: வேலையில் இருக்கும்போது எடுத்த மருத்துவப் பதிவுக்கு உள்ள மதிப்பு, 'பாக்கி இல்லை' என்று எழுதிக்கொடுத்த பின் எடுத்ததற்கு இருக்காது. நீங்கள் பயிற்சியாளரான பின்னும் இது உதவும். இங்கிலாந்தில் 2021-22 பருவம் முதல் பயிற்சியில் வேகமான பந்துகளைத் தலையால் முட்டுவது வாரத்துக்குப் பத்துக்கு மேல் கூடாது என்று வழிகாட்டியிருக்கிறார்கள். உங்களிடம் வரும் பையன்களுக்கு அந்தக் கணக்கை வைத்திருக்கப்போவது நீங்கள்தான்.

உடைமாற்றும் அறை இல்லாத சனிக்கிழமையை நினைக்கவே முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இழப்பு நிஜம். பயிற்சியாளர் வேலை அதை ஈடுசெய்யும் என்று எண்ணி அந்த வேலைக்குப் போகாதீர்கள். பயிற்சியாளர் உள்ளே வந்ததும் அந்த அறையில் பேச்சு நின்றுவிடும் என்பது உங்களுக்கே தெரியும். இதற்கென்று பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் இருக்கிறார்கள். வீரர்கள் சங்கம் இருந்தால் அங்கேயே கேட்டுப்பாருங்கள்.

இந்த வாரம் முதலில் மருத்துவருக்கு நேரம் வாங்குங்கள். அடுத்து, உங்கள் மூல ஒப்பந்தத்தை எடுத்து, தகராறு எங்கே தீர்க்கப்படும் என்ற பிரிவையும் காயம் பற்றிய பிரிவையும் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். அந்த நாட்டின் தொழிலாளர் சட்டம் நான் சொன்னதைவிட உங்களுக்குக் கூடுதலாகவே தரக்கூடும். பிறகு தலைவரிடம் போங்கள். மறுக்கப் போனதாக அவர் நினைக்க வேண்டாம். பயிற்சியாளர் பொறுப்பில் விருப்பம் இருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டு, துணை ஒப்பந்த யோசனையை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். சி நிலை உரிமத்தோடு ஒருவர் எந்தத் தேதியில் முதன்மை அணிக்குப் பொறுப்பேற்க முடியும் என்பதைத் தேசியச் சங்கத்திடம் கேட்டுச் சொல்லும்படியும் அவரிடமே கேளுங்கள். அவர் என்ன பதில் தந்தாலும் எழுத்தில் வாங்கி, கையெழுத்துக்கு முன் எனக்கு அனுப்புங்கள்.